கண் லேசருக்கு முன்: படிவத்தில் நான் எழுதிய பொய்

கடந்த வருடம் கொழும்பில் ஒரு தனியார் கண் வைத்தியசாலையில் என் கையில் ஒரு படிவத்தைத் தந்தார்கள். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். வயது, தொழில், எத்தனை வருடமாகக் கண்ணாடி, என்னென்ன மருந்து என்று போய், இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கண்ணிலோ தலையிலோ எப்போதாவது காயம் ஏற்பட்டதா? ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் அடையாளம் போட்டேன்.

அது பொய். 2009 மார்ச்சில் மாத்தளனில் நாங்கள் இருந்த பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது மண்ணும் துகள்களும் என் இடது கண்ணுக்குள் போயின. ஒரு கிழமை கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் துணியில் தொட்டுத் தொட்டுக் கழுவினார். பிறகு தானாகவே ஆறிவிட்டது. நான் அதை மறந்து பொய் எழுதவில்லை. காயம் என்று சொன்னால் எங்கே, எப்போது, எப்படி என்று மூன்று கேள்விகள் பின்னால் வரும் என்பதை முகாமில் படித்துக்கொண்டவர்கள் நாங்கள். உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலே பயப்பட வேண்டியிருந்த காலத்தில் பழகிய கை, பதினைந்து வருடம் கழித்தும் ‘இல்லை’ என்றே எழுதியது.

லேசர் சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆலோசனைக்கு எப்படித் தயாராவது என்று இணையத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அவற்றில் இல்லாத சில விடயங்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ‘கண்ணுக்கு லேசர் பிடிச்சது’ என்றால் அது பல விடயங்களில் எதுவாகவும் இருக்கலாம். நீரிழிவால் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் பழுதானால் பிடிப்பது ஒரு லேசர். வெண்புரை சத்திரசிகிச்சை செய்து சில காலம் கழித்து, உள்ளே வைத்த வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கினால் பிடிப்பது இன்னொன்று. கண் அழுத்த நோய்க்கும் லேசர் இருக்கிறது. வெண்புரை எடுப்பதையே பலர் லேசர் என்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் ஒலியதிர்வால் வில்லையைக் கரைத்து எடுக்கும் முறை. நான் போனது இவை எதற்கும் அல்ல. கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காக, கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழியைச் செதுக்கிப் பவரை மாற்றும் சிகிச்சைக்கு. லாசிக் என்று பரவலாகச் சொல்வது அதன் ஒரு வகை.

அது நோய்க்கான மருத்துவம் அல்ல, செய்யாவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் வைத்தியர் கட்டாயம் கேட்கும் முதல் கேள்வி, ‘இது உங்களுக்கு ஏன் வேண்டும்?’ என்பதுதான். அதற்கு உண்மையான பதிலோடு போவது நல்லது. கலியாணத்துக்கு, வேலைக்கு, விளையாட்டுக்கு என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். என்னுடையது வேறு. எனக்கு வலது கண் மைனஸ் 5.5, இடது மைனஸ் 5. மாத்தளனிலிருந்து வெளியே வந்த நாளில் என் கண்ணாடி சனத்துக்குள் விழுந்து மிதிபட்டது. தம்பியின் சேர்ட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன் பிறகு செட்டிகுளம் முகாமில் நான்கு மாதம் கண்ணாடியே இல்லை. தண்ணீர் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இன்றும் இரவில் கண்ணாடியைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுக்கிறேன். திரும்ப ஓடவேண்டி வந்தால் அதைத் தேடக்கூடாது என்பதுதான் என் காரணம். வைத்தியரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னேன்.

போவதற்கு முன் செய்யவேண்டியவை அதிகமில்லை, ஆனால் தவறவிட்டால் கொழும்புக்குப் போன பயணம் வீண். கொன்டக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது இரண்டு கிழமை, விறைப்பான வகை என்றால் மூன்று நான்கு கிழமை. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று அழுத்தி மாற்றிவிடும், அந்த மாறிய வடிவத்தை அளந்து சிகிச்சை செய்தால் பவர் பிழைக்கும். பழைய கண்ணாடித் துண்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், குறைந்தது ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். துண்டு இல்லையென்றால் பழைய கண்ணாடியையே கொண்டுபோகலாம், அதிலிருந்து பவரை அளக்க முடியும். கண்மை போடாதீர்கள். விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் துளி விடுவார்கள், அதன் பிறகு சில மணிநேரம் வெளிச்சம் குத்தும், எழுத்து தெரியாது. அன்று மோட்டார்சைக்கிள் ஓடமுடியாது. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கிளினிக் கொப்பியை மறக்கவேண்டாம். கட்டுப்படாத நீரிழிவு, மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்கள், கண்ணில் முன்பு வந்த ஹெர்பீஸ் தொற்று, இவை எல்லாம் காயம் ஆறுவதைக் கெடுக்கும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினொயின், இதயத்துக்குக் கொடுக்கும் அமியோடரோன், ஸ்டீரொயிட் போன்ற மருந்துகள் எடுத்தால் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்கத்தான் வேண்டும், அந்தக் காலத்தில் பவர் மாறும், கண்ணும் உலரும். நாற்பதை நெருங்கியவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். லேசர் தூரப் பார்வையைத்தான் சரிசெய்யும், வெள்ளெழுத்து வந்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும்.

இந்த லேசர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஒரு சுவாரசியமான பெயர் கிடைத்தது. 1981 இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுகூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் 193 நனோமீற்றர் லேசரைப் பாய்ச்சி, சுற்றியிருக்கும் இழையம் கருகாமல் நேர்த்தியாகச் செதுக்க முடிகிறது என்று கண்ட மூவரில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். இன்று லாசிக்கில் கருவிழியைச் செதுக்குவது அந்த வகை லேசர்தான்.

எவ்வளவு செதுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கருவிழியின் நடுப்பகுதியின் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. லாசிக் முறையில் மேலே ஏறக்குறைய 110 மைக்ரோன் தடிப்பில் ஒரு மடலை வெட்டித் திறப்பார்கள். அதற்குக் கீழே ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரோன் வரை செதுக்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும், பல வைத்தியர்கள் 300 ஐ எதிர்பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தால் கருவிழி பிறகு முன்னால் பிதுங்கிக் கூம்பாகலாம். என்னுடையது 508. மடலுக்கு 110, என் பவருக்கு 80 போனாலும் 300 க்கு மேல் மிஞ்சுகிறது. கணக்கில் நான் பாஸ். இந்த எண்களை நீங்களும் கேட்டு, கொப்பியில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

கணக்கில் பாஸான எனக்குத் தடங்கல் வந்தது படத்தில். கருவிழியின் மேடு பள்ளத்தைப் படமாக எடுக்கும் இயந்திரத்தில் நாடியை வைத்துக்கொண்டிருந்தபோது, அதை இயக்கிய மலையகத் தங்கச்சி கேட்டார்: “அக்கா, உங்க இடது கண்ணுல ஒரு பழைய தழும்பு இருக்கு. ஏதாச்சும் பட்டிச்சா?”

நான் பேசாமல் இருந்தேன். அவர் என் படிவத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க எந்த ஊரு?” என்றார். சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பேனையை என்னிடம் நீட்டி, “இதை மாத்திருங்க அக்கா. டொக்டருக்குத் தெரியணும்” என்றார்.

வைத்தியர் யுத்தத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. துகள் எடுத்தார்களா, அந்தக் கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிகிறதா, கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் கண் அழுத்தம் ஏறலாம், வெண்புரை வரலாம், விழித்திரையில் துளை இருக்கலாம் என்றார். லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவற்றைத்தான் பார்த்தார்.

யார் அடித்தது, எந்த இடம், நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதெல்லாம் கண் வைத்தியருக்குத் தேவையில்லை. எந்த வருடம், எந்தக் கண், என்ன பட்டது, ஏதாவது எடுத்தார்களா. இந்த நான்கையும் சொன்னால் போதும். ‘விபத்து’ என்று சொல்லத்தான் மனம் வருகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள், ஆனால் பட்டதை மறைக்காதீர்கள். ஷெல் பீஸ் முகத்திலோ தலையிலோ இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் இருந்தால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் மெல்ல மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். இன்னொரு நாள் வேறு வருத்தத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால், அந்தக் காந்தப்புலத்தில் அந்தத் துகள் அசையவும் கூடும். லேசர் செய்யாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகக் கண்ணைக் காட்டலாம்.

ஒரு கண் ஏற்கெனவே போனவர்கள் எங்களுக்குள் நிறையப்பேர். மிஞ்சிய கண்ணில் கண்ணாடியைக் கழற்றுவதற்காக லேசர் செய்யப் பொதுவாக வைத்தியர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் சிக்கல் என்றாலும், அந்த ஒருவரிடம் மாற்றுக் கண் இல்லை. இப்படிப்பட்டவருக்கு யாராவது உடனே திகதி தருகிறார்கள் என்றால், இன்னொரு வைத்தியரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மடல் வெட்டும் முறை, வெட்டாத முறை என்ற வித்தியாசத்தையும் கேட்டுத் தெளிய வேண்டும். லாசிக் மடல் நன்றாக ஒட்டிக்கொள்ளும், மறுநாளே பார்வை தெளியும். ஆனால் முகத்தில் பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்தும் அது நகரக்கூடும். பிஆர்கே என்ற மேற்பரப்பு முறையில் மடல் இல்லை, மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டுச் செதுக்குவார்கள். மூன்று நான்கு நாள் நோவும், பார்வை தெளிய வாரங்கள் எடுக்கும், ஆனால் நகர எதுவுமில்லை. மேசன் வேலை, கடல் தொழில், விறகு வெட்டு என்று முகத்தில் எந்த நேரமும் ஏதாவது படக்கூடிய தொழில் செய்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். நான் ‘ஊடகவியலாளர்’ என்று எழுதியிருந்தேன். ஆர்ப்பாட்டங்களில் படமெடுப்பீர்களா என்று வைத்தியர் கேட்டார். நல்ல கேள்வி.

மொழி ஒரு பெரிய தடை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் அதைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்வது உங்கள் உரிமை, கேட்க வெட்கப்பட வேண்டாம். கண் உலர்தல், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல், பவர் முழுதாகப் போகாமல் மிஞ்சுதல், தொற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஒண்டும் நடக்காது’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

காசு விடயத்தில், சொல்லும் தொகை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, துளி மருந்தும் பிறகு காட்டுவதும் அதற்குள்ளா, பவர் திரும்ப வந்தால் மறுபடி செய்வதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். வன்னியிலிருந்து போபவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. மறுநாள், ஒரு கிழமை, ஒரு மாதம் என்று திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். பஸ் காசும் தங்குமிடமும் சேர்த்தால் அது சிறிய தொகை இல்லை. முதல் நாட்களில் கண்ணுக்குள் தண்ணீரோ தூசியோ படக்கூடாது, தலை முழுக முடியாது. கிணற்றடியும் கிரவல் றோட்டுமாக இருக்கும் வீட்டில் அதை எப்படிச் சமாளிப்பது என்று முன்பே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, எல்லா அளவுகளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வெண்புரை வந்தால், உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கணிக்க லேசருக்கு முந்திய அளவு உதவும். மெல்லிதான கருவிழியில் கண் அழுத்தமும் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், பழைய எண் கையில் இருந்தால்தான் புதிய வைத்தியருக்கு அது பிடிபடும். பிறப்புச் சான்றிதழிலிருந்து காணி உறுதி வரைக்கும் தொலைத்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஒரு பிரதியைப் பையில் வையுங்கள், கைபேசியில் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் கனடாவிலுள்ள சித்திக்கு அனுப்பினேன். என்ன படம் இது, சந்திரனா என்று கேட்டா.

எனக்கு லேசர் இன்னும் செய்யவில்லை. விழித்திரையும் அழுத்தமும் பரவாயில்லை. தழும்பு கண்மணியின் ஓரத்துக்குக் கிட்ட இருப்பதால் மடல் முறை வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி படமெடுத்து, மாற்றம் இல்லையென்றால் மேற்பரப்பு முறையைப் பற்றிப் பேசலாம் என்றார் வைத்தியர். போகும்போது கண்ணாடிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். கையில் ஏற்கெனவே கண்ணாடி இருக்கிறதே என்றேன். இரண்டாவது ஒன்று செய்து எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள் என்றார். யாழ்ப்பாணம் வந்த மறுநாளே செய்யக் கொடுத்தேன்.