பதிவேட்டில் இல்லாதவர்கள்

தாம்பரத்தில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் ஒரு தனிப் பதிவேடு இருக்கணும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையின் விதி அது. அல்பிரசோலம், கோடீன், டிரமடால் மாதிரியான மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், சீட்டு எழுதிய டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கணும். டிரமடாலுக்கு அதுவும் பத்தவில்லை. 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

அட்டையில் மிச்சம் எத்தனைன்னு ராத்திரி எண்ணிப் பார்க்கிற மனைவி அந்தப் பதிவேட்டில் வரமாட்டாள். "டாக்டர் எழுதினதுதானே" என்று தன்னையே தேற்றிக்கொள்ளும் அம்மாவும்தான். குடியென்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரைக்கு வாடை ஏது?

இவர்களையும் சிகிச்சைக்குள் உட்காரவைத்த இடம் தாம்பரத்துக்கு ரொம்ப தூரமில்லை, அடையாறு பக்கம் இந்திரா நகர். 1979-இல் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறுவருடமே அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிக்காக ஆரம்பித்த இடத்துக்கு மாத்திரைக்காரர்களும் வந்தார்கள். நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்துக்குத் தனி வகுப்பு. ஆபீசுக்குப் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று பாசத்தில் செய்ததெல்லாம் பழக்கத்துக்குத்தான் தீனி போட்டது என்பதை அங்கே மனைவிகளும் அம்மாக்களும் கேட்கவேண்டியிருந்தது. கேட்க லேசான விஷயமில்லை.