பன்னிரண்டு கட்டமும் ஒரு 'ஹேட்'டும்

சில வருஷங்களுக்கு முன்னால் வேலையில் நடந்தது. சர்வரில் ஒரு கோளாறு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி செய்தோம். மறுநாள் லண்டனில் இருந்த வாடிக்கையாளருக்கு ஒரு வரி மெயில் போட்டேன்: "வீ ஹேட் ஃபிக்ஸ்டு தி இஷ்யூ எஸ்டர்டே." அரை மணி நேரத்தில் போன் வந்தது. "நேற்று சரி செய்தீர்கள், சரி. அதற்கப்புறம் மறுபடி என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. என் 'ஹேட்'தான் அவரைப் பயமுறுத்தியது.

நான் தமிழில் நினைத்தேன்: "நேத்தே சரி பண்ணியிருந்தோம்." "நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்" என்று சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரி. அடுத்து ஒரு சம்பவம் வந்தாக வேண்டும் என்று தமிழில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலக் காதுக்கு 'ஹேட்' என்றால், கடந்த காலத்தில் இன்னொரு சம்பவம் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

போன வாரம் மகளின் நோட்டில் டென்ஸ் அட்டவணையைப் பார்த்தேன். மூன்று காலம், நான்கு வகை, மொத்தம் பன்னிரண்டு கட்டம். நானும் அதைத்தான் மனப்பாடம் பண்ணினேன். அப்படியும் அந்த மெயிலை எழுதினேன். சரி, இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் வினைக்கு இரண்டே காலம்தான்: இறந்தது, இறக்காதது. 'வில்' முதலில் விருப்பத்தைக் குறித்த சொல், 'ஷல்' கடமையைக் குறித்தது. இரண்டும் பின்னால்தான் எதிர்காலத்துக்கு வந்தன. 1586ல் வில்லியம் புல்லோகர் முதல் ஆங்கில இலக்கணத்தை அச்சிட்டபோது அவர் முன்னால் இருந்த மாதிரி லத்தீன் இலக்கணம். 1653ல் ஜான் வாலிஸ் 'ஷல்', 'வில்' இரண்டுக்கும் விதி எழுதினார், அதையும் லத்தீனில்தான் எழுதினார்! 1795ல் லிண்ட்லி மர்ரே வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூல் ஆறு காலங்களைச் சொன்னது. லத்தீனிலும் ஆறுதான். பன்னிரண்டு என்பது பிற்பாடு பாடம் நடத்த வசதியாகப் போட்ட பெருக்கல் கணக்கு. 1985ல் குவர்க்கும் மூன்று சகாக்களும் எழுதிய பெரிய ஆங்கில இலக்கணம் மறுபடி இரண்டே டென்ஸ் என்கிறது. மற்றதெல்லாம் துணைவினை செய்யும் வேலை.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். தமிழின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. ஆனால் சங்கப் பாடல்களின் வினை வடிவங்களைப் பார்த்த மொழியியலாளர்கள் இறந்தது, இறக்காதது என்ற இரட்டைப் பிரிவையே காண்கிறார்கள். 'கின்று' சேர்ந்த நிகழ்கால வடிவம் அங்கே மிக அரிது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் வரும்போது ஆநின்று, கின்று, கிறு என்று நிகழ்காலத்துக்குத் தனிப் பட்டியலே வந்துவிட்டது. பழைய வடிவம் இன்றும் சாகவில்லை. 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்' எல்லாம் அதன் மிச்சம். 'தெரிகிறது' என்றால் வேறு பொருள் ஆகிவிடும், கவனியுங்கள். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணமும் 1716ல் ஹாலேயில் லத்தீனில்தான் அச்சானது. ஆங்கிலத்தை அளந்த அதே அளவுகோல் தமிழுக்கும் வந்தது.

அப்படியானால் நமக்கு ஏன் தடுமாற்றம்? எதிர்மறையைப் பாருங்கள். "நேத்து பஸ் வரலை", "இன்னும் பஸ் வரலை", "நாளைக்கு நான் வரலை". மூன்றிலும் அதே 'வரலை'. காலத்தை நேத்து, இன்னும், நாளைக்கு என்ற சொற்கள் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று வினை வடிவம் வேண்டும்.

எனக்குத் தெளிவு தந்தவர் இலக்கண ஆசிரியர் இல்லை, தத்துவவாதி ஹான்ஸ் ரைஷன்பாக். 1947ல் அவர் சொன்னது: ஒவ்வொரு வினைக்கும் மூன்று நேரம் உண்டு. சம்பவம் நடந்த நேரம், பேசுகிற நேரம், எங்கே நின்று பார்க்கிறோம் என்கிற நேரம். நம்ம லாக் ஃபைலில் சம்பவ நேரம், பதிவான நேரம் என்று இரண்டு இருக்கும். இவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்.

சாவி தொலைந்ததை வைத்துப் பாருங்கள். "ஐ லாஸ்ட் மை கீ": தொலைந்த அந்த நேரத்திலேயே நின்று சொல்கிறேன். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ": இப்போது நின்று பார்க்கிறேன், கையில் சாவி இல்லை. "ஐ ஹேட் லாஸ்ட் மை கீ": இடையில் வேறொரு நேரத்தில், உதாரணமாக வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

என் மெயிலில் அந்த வாசல் இல்லை. லண்டன்காரர் அதைத்தான் தேடினார். "வீ ஃபிக்ஸ்டு இட் எஸ்டர்டே" என்று எழுதியிருக்க வேண்டும். இல்லை, 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டு "வீ ஹேவ் ஃபிக்ஸ்டு இட்" என்று முடித்திருக்கலாம்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு கட்டம் வேண்டும், அதை மகள் படிக்கட்டும். கூடவே ஒரு கேள்வியை மட்டும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தேன்: "எங்க நின்னு பாக்குற?"