மலை தாண்டிய குரல்

பாலக்காட்டு அக்ரஹாரங்களை விட்டு உத்தியோக நிமித்தம் வெளியூர் சென்றவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் வக்கீல்கள், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், சங்கீத வித்வான்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். மைக்ரோவேவ் என்னும் நுண்ணலைத் தொடர்புத் துறையில் ஆயுளைக் கழித்த எஞ்சினீயர்களை யாரும் நினைப்பதில்லை. தபால் தந்தி இலாகாவில் சேர்ந்து, அந்தத் துறையில் முப்பது வருஷங்களுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், அதன் சரித்திரத்தை அங்கத்தினர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கேரள மாநிலம் உருவான பிறகு, மின்சார வாரியத்தில் இருந்த என் தகப்பனார் மூணாறுக்கு அருகிலுள்ள சித்திரபுரத்துக்கு மாற்றலானார். பக்கத்துப் பள்ளிவாசலில்தான் 1940-ல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆடி மழையில் மரம் சாய்ந்து டெலிபோன் கம்பி அறுந்தால், வெளியூரோடு பேச்சு நின்றுவிடும். கம்பியே இல்லாமல் மலையைத் தாண்ட முடியாதா என்ற கேள்விக்கு விடைதான் நுண்ணலை.

இந்த அலை ஒளியைப் போல ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். ஒரு ஆண்டெனாவுக்கு அடுத்தது 'தெரிய' வேண்டும். 50 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியின் வளைவே நடுவில் சுமார் 50 மீட்டர் உயர்ந்து நிற்கும். காற்றில் அலை சற்று வளைவதால் கணக்கில் அது 37 மீட்டராகக் குறையும். ஆகவே உயரமான கோபுரம் வேண்டும், இல்லாவிட்டால் மலை உச்சி வேண்டும். சர்வே வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டபின் குன்றேறுவோம். ஒரு குன்றிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்புவோம். அந்த மினுக்கு எதிர்க்குன்றில் தெரிந்தால் வழி தெளிவு என்று அர்த்தம்.

இந்த வித்தை நமக்கு அந்நியமானதல்ல. ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் 1951-ல் அமெரிக்கா 107 நிலையங்கள் மூலம் இரு கடற்கரைகளையும் நுண்ணலையால் இணைத்தபோது, இங்கே அதைப் படிக்கவே இடங்கள் அரிது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சிசிர் குமார் சட்டர்ஜியும், மிச்சிகனில் 1953-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர் மனைவி ராஜேஸ்வரியும் மாணவர்களைத் தயார் செய்தார்கள். 1956-ல் டில்லியில் டெலிகம்யூனிகேஷன் ரிசர்ச் சென்டர் ஏற்பட்டது. அங்கே வடிவமைத்த கருவிகளைப் பெங்களூர் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் மைக்ரோவேவ் பிரிவிலிருந்து 1984-ல் சமீர் நிறுவனம் பிறந்தது. சென்னையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு.

மலை உச்சியைவிட உயரமான கோபுரம் உண்டா? உண்டு, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஆர். அரவமுதன், தும்பா ஏவுதளத்தில் ராடார், டெலிமெட்ரி வேலைகளை முதல் நாளிலிருந்தே கட்டியெழுப்பியவர். 1981 ஜூன் 19-ல் ஏவப்பட்ட 'ஆப்பிள்' செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் தமிழரான ஆர்.எம். வாசகம். ஆண்டெனா சோதனைக்கு உலோக வண்டி இடைஞ்சல் என்று, அதை மாட்டுவண்டியில் ஏற்றிய புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஏழ்மையின் சின்னமாக அதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது எஞ்சினீயரின் சமயோசிதம். சூரியத் தகடுகளில் ஒன்று விரியாமல் போயும், ஆப்பிள் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது.

பிறகு கண்ணாடி இழை வந்தது. கோபுரங்கள் பல வேலையிழந்தன. "இனி உங்கள் சப்ஜெக்ட் எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் சித்திரபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு புதைந்தது. காணாமற்போனவர்களையும் சேர்த்து மாண்டவர் 70 பேர், பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரம் இல்லை, போன் தொடர்பும் இல்லை. செய்தி வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். கேரளத்துக்கு முதன்முதலில் நீர்மின்சாரம் தந்த மலைநாட்டில், எண்பது வருஷம் கழித்து, ஒரு குரல் மலையைத் தாண்ட முடியவில்லை.

இழை போட முடியாத மலைகளில் இன்றும் செல்போன் கோபுரங்களை இணைப்பது நுண்ணலையே. ஓர் இணைப்புக் கருவிக்கு ஓரிரு மின்விசிறிகளுக்கு ஆகும் மின்சாரம் போதும். சூரியத் தகடும் நல்ல பாட்டரியும் அதைத் தாங்கும். குறைவாக இருப்பது அதை நின்று செய்யும் ஆட்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்ட்வேர் படிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆண்டெனா, அலைவழி என்றும் ஒரு படிப்பு உண்டு, அதில் செய்வதற்கு வேலை பாக்கி இருக்கிறது என்பதையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.