குறைக்கணிப்பின் அளவுகோல்: திருப்பெரும்புதூர்–ஒரகடம் ஆலைத் தொழிலாளரின் அறிவுத் தன்மதிப்பீடு

தம் அறிவுத்திறனை மனிதர் மிகைப்படுத்தியே கணிப்பர் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. 1999-இல் ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுவூட்டியது. தேர்வில் கடைசிக் கால்பகுதியில் நின்றோர், நூறு பேரில் சராசரியாக 12 பேரையே முந்தியிருந்தும், 62 பேரை முந்தியதாக நம்பினர். இதில் பெரும்பகுதி புள்ளியியல் தோற்றமே என்று ஜிக்னாக், சயென்கோவ்ஸ்கி 2020-இல் வாதிட்டனர். மேலும், குரூகரும் டன்னிங்கும் சோதித்தது கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை. அறிவாளிகள் என்று ஊர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களை. அந்த ஒப்புதல் கிடைக்காதவர்களிடம் பிழை எதிர்த்திசையில் ஓடக்கூடும்; திருப்பெரும்புதூர்–ஒரகடம் ஆலைத் தொழிலாளர் அத்தகையோர்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கிராமத்து இளைஞர்களை இப்பகுதி ஈர்த்துவருகிறது. மின்னணு ஆலைகளில் இளம்பெண்களே மிகுதி; 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி மட்டுமே 18,720 பெண்களுக்கானது. அறிவு என்றால் மதிப்பெண்ணும் ஆங்கிலமும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை இது. மாநில ரேங்க் அறிவிப்பைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. ஆனால் ‘படிப்பு ஏறவில்லை’ என்ற தீர்ப்பு வீடுகளில் ஓயவில்லை. பெண்கள் தம் அறிவை ஆண்களைவிடக் குறைத்தே கணிப்பதையும், பெற்றோர் மகளைவிட மகனையே அறிவாளியாகக் கணிப்பதையும் ஏட்ரியன் ஃபர்ன்ஹாமின் பன்னாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மதிப்பெண், பாலினம் என்ற இரண்டு சுமைகளும் ஆலைப் பெண்களின் ஒரே தோளில் விழுகின்றன.

ஆலையின் உற்பத்தி லைனில் நடக்கும் சிந்தனையோ வேறு. சால்டரிங்கில் மயிரிழைக் குறையைக் கண்டுபிடிப்பதும், கருவியின் ஓசை மாறியதிலிருந்து கோளாறை உணர்வதும், பிழை எந்த ஸ்டேஷனில் பிறந்திருக்கும் என்று பின்னோக்கி ஊகிப்பதும் முழுமையான அறிவுச்செயல்கள். அமெரிக்கப் பால் ஆலை ஒன்றில் சில்வியா ஸ்க்ரிப்னர் இதையே கண்டார் (1984). ஆர்டர்களை நிரப்பிய தொழிலாளர்கள் மிகக் குறைந்த கையசைவில் முடியும் வழியை மனக்கணக்காகத் தேர்ந்தனர். அதே வேலை தரப்பட்ட பள்ளி மாணவர்கள் தாளில் கண்டபடியே எண்ணி எடுத்தனர். பிரேசிலின் ரெசிஃபெ நகரில் தெரு வியாபாரம் செய்த சிறுவர்கள் விற்பனையின்போது 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் செய்தனர். அதே கணக்குகள் வெறும் எண்களாகத் தாளில் வந்தபோது 37 விழுக்காடே சரியாயின என்று 1985-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தாளில் தோற்றதையே ஒருவர் தம் அறிவின் சான்றாக எடுத்துக்கொண்டால், அவர் கணிப்பு நேர்மையானதுதான், ஆனால் தவறானது.

ஆலையும் இத்தவற்றைத் திருத்துவதில்லை. ரிஜெக்ட் ஆனவை எண்ணப்படுகின்றன. தொழிலாளி யோசித்துத் தவிர்த்த பிழை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனவே தம்மைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் தகவல் தோல்விகளின் பட்டியலாகவே அமைகிறது. காண்ட்ராக்ட் என்ற அடையாள அட்டையும் பழைய மதிப்பெண் பட்டியலின் தொடர்ச்சியாகிறது.

தன்மதிப்பீட்டுக்கும் உண்மைச் செயல்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு சராசரியாக 0.29 என்று செல், கிரிசான் 2014-இல் 22 தொகுப்பாய்வுகளிலிருந்து கணித்தனர். கேள்வி குறிப்பிட்ட துறையைச் சுட்டும்போதும், வேலை பழகியதாக இருக்கும்போதும் கணிப்பு உண்மையை நெருங்குகிறது. ஆகவே இப்பகுதியில் ஆய்வு செய்வோர் ‘நீங்கள் எவ்வளவு அறிவாளி’ என்று கேட்டால் பள்ளி தந்த தீர்ப்பே விடையாகத் திரும்பும். மாறாக, இந்தச் சர்க்யூட் பலகையில் எத்தனை குறைகளைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டு, பின்னர் பலகையையே கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.