பாட்டும் பயனும்: திருகோணமலையின் பழைய கல்விமுறை

திருகோணமலை பிரடெரிக் கோட்டை வாயிலின் நிலைக்கல்லில் இணைக் கயல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு சில தமிழ் வரிகளும் உண்டு. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624ஆம் ஆண்டளவில் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியபோது வாயிலுக்கு வந்து சேர்ந்த கல் அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வரிகள் சிதைந்துவிட்டன, கல்லை மட்டும் நம்பினால் முழுப்பொருள் தேறாது. ஆனாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் கேட்டால் தயங்காமல் பதில் வரும். குளக்கோட்டன் என்னும் பழைய அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், அழிப்பான் என்று முன்னறிவிப்பாகச் சொல்லும் பாட்டு ஒன்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. கல்வெட்டைப் படிக்க முயன்றவர்களும் அந்தப் பாட்டைத் துணையாகக் கொண்டுதான் உதிர்ந்த எழுத்துகளை நிரப்பினார்கள். கல் உடைந்த இடத்தில் பாட்டு உடையவில்லை. பாட்டைக் கல்விக்கு ஒரு துணைக்கருவி என்று இன்று பேசுகிறோம்; இந்தத் துறைமுக மாவட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், நெடுங்காலம் பாட்டே இங்கே கல்வியின் களஞ்சியமாக இருந்திருக்கிறது. களஞ்சியத்தில் உள்ளதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதையும் அந்தப் பழைய கல்வி மறக்கவில்லை. பாட்டைச் சொல்பவரையும் பொருளைச் சொல்பவரையும் அது சேர்த்தே வைத்திருந்தது. அந்தச் சேர்க்கை எங்கே நின்றதோ அங்கே பாட்டு கற்பித்தது. எங்கே அறுந்ததோ அங்கே ஓசை மட்டும் மிஞ்சியது.

பாட்டின் காக்கும் வலிமைக்கு முதற்சான்று திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம். மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் அமைந்த இந்தப் பதிகத்தைச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. ஒவ்வொரு பாட்டும் மலையின் பெயரைச் சொல்லி முடிகிறது. கடைசிப் பாட்டில் பாடியவர் தம் பெயரையும் பாடுவோர் பெறும் பேற்றையும் வைக்கிறார். யார் பாடினார், எந்த ஊரைப் பாடினார், ஏன் பாட வேண்டும் என்ற மூன்று செய்திகளும் பாட்டுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால், ஏடு தொலைந்தாலும் பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவை தொலைவதில்லை. இதன் பயன் 1622க்குப் பின் தெரிந்தது. மலையுச்சியில் கோயில் இல்லை. அந்த இடம் முதலில் போர்த்துக்கேயரிடமும் 1639இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் இராணுவக் கோட்டையாக இருந்தது. புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 340 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கடலோரத்து அந்தப் பாறையில் என்ன இருந்தது என்பதைக் கண்ணால் காட்ட வழியில்லை. தம்பலகாமத்து ஆதி கோணேசர் கோயிலின் வழிபாடும், அங்கும் பிற ஊர்களிலும் ஓதப்பட்ட பதிகமும், கோயிலைச் சுற்றி எழுந்த புராணங்களும்தான் அதைக் காட்டின.

பாட்டு காத்தது பக்தியை மட்டும் அன்று. கவிராச வரோதயன் இயற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூல், பெயரில் கல்வெட்டாக இருந்தாலும் பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டுச்சுவடி. கோயிலுக்கு நெல் யார் தருவது, எண்ணெய் யார் தருவது, பூத்தொடுப்பவர் யார், ஆடுபவரும் பாடுபவரும் எந்தக் குடியினர், தானத்தார், வரிப்பற்றார் என்ற கோயிற் பணியாளர் செய்ய வேண்டியது என்ன என்று கோயில் நிருவாகத்தின் ஒழுங்கெல்லாம் அதில் அடங்குகிறது. இன்று சட்டப்புத்தகத்திலும் கணக்குப் பேரேட்டிலும் வைக்கக்கூடியதை அன்று யாப்பில் வைத்தார்கள். காரணம் எளியது. எதுகையும் மோனையும் சீர்க்கணக்கும் உள்ள வரியில் ஒரு சொல்லை மாற்றினால் கேட்பவர் காது உடனே அதைக் கண்டுபிடிக்கும். உரிமையும் கடமையும் பேசும் செய்தியில் இந்தக் காவல் பெரிதாக வேண்டியிருந்தது. திண்ணைப் பள்ளிகளிலும் இதே கணக்குத்தான் நடந்தது. ஒளவையின் ஆத்திசூடி ஒழுக்கத்துக்கு, சூடாமணி நிகண்டு சொல்வளத்துக்கு, கணக்கதிகாரம் அளவைக்கும் எண்ணுக்கும் என்று பாடநூல்கள் எல்லாமே பாட்டாக இருந்தன. ஏடு எழுதுவது செலவும் உழைப்பும் மிகுந்த காலத்தில், ஒவ்வொரு மாணவனும் நூலைத் தன் நினைவில் படியெடுத்துக்கொண்டான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பாட்டு சரியானதை மட்டுமா காக்கிறது? கோணேசர் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். அது குளக்கோட்டன் திருப்பணியைக் கலியுகம் 512இல் வைக்கிறது. கிறித்துவுக்கு முன் 2,590 அளவில் என்று பொருள். வரலாற்றில் எந்த வகையிலும் அது பொருந்தாது. மறுபுறம், திருகோணமலைக் கோட்டைக்குள் கிடைத்த ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு, சோடகங்கன் என்னும் அரசகுமரன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், கோகர்ணம் எனப்பட்ட திருகோணமலைக்கு வந்ததைச் சொல்கிறது. அந்தச் சோடகங்கனே மரபு போற்றும் குளக்கோட்டன் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தக் கருத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஆண்டைப் பொறுத்தவரை துண்டாகக் கிடைத்த கல் முழுதாய் நின்ற பாட்டைவிட நம்பத்தக்கது. எண் ஒன்று யாப்பில் ஏறிவிட்டால், தவறானதாக இருந்தாலும் அதே உறுதியோடு நிலைத்துவிடும். ஆகவே பாட்டுக்குக் காக்கத் தெரியும், சோதிக்கத் தெரியாது. இதை மறைத்துவிட்டுப் பாட்டுக் கல்வியைப் புகழ்வது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பாட்டு மாறாமல் காக்கும் என்பதே மிகைக்கூற்று என்பது அது. அமெரிக்க அறிஞர் மில்மன் பரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1930களில் யுகோஸ்லாவியாவில் நெடுங்கதைப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்தார்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவதாகப் பாடகர்கள் உறுதி கூறினார்கள். ஒலிப்பதிவோ ஒவ்வொரு முறையும் கதை வேறு சொற்களில் வந்ததைக் காட்டியது. இந்தச் சான்றைத் தள்ள முடியாது. ஆனால் அது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. பாடும்போதே கட்டிக்கொண்டு போகும் நெடுங்கதை வேறு; நான்கு அடிக்குள் தொடையும் சீரும் இறுக்கிப் பிடித்த வெண்பாவோ தேவாரமோ வேறு. திருகோணமலையில் இரண்டு வகையும் இருந்தன. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் ஆடப்பட்ட கூத்தில், அதைப் பயிற்றும் அண்ணாவியார் கையில் ஏடு இருந்தது. எழுத்தறியாத உழவரும் மீனவரும் அவர் ‘சட்டம் கொடுக்க’த் தமக்குரிய தருக்களை, அதாவது கூத்துப் பாட்டுகளை, மாதக்கணக்கில் பழகி, விடியவிடிய ஆடினார்கள். ஏடும் வாயும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட ஏற்பாடு அது. வாய்மொழி தனியாக நின்ற இடத்தில் பரியும் லார்டும் கண்ட மாற்றம் இங்கும் நடந்திருக்கும். ஏட்டோடு சேர்ந்து நின்ற இடத்தில் அதற்கு இடம் குறைவு.

மனப்பாடம் கிளிப்பிள்ளைக் கல்விதானே என்பது அடிக்கடி கேட்கும் மூன்றாவது மறுப்பு. இதற்கு விடை இலங்கைக் கோயில்களின் புராண படனத்தில் இருக்கிறது. ஒருவர் புராணச் செய்யுளை இராகத்தோடு பாடுவார். அருகில் அமர்ந்த இன்னொருவர் அதைப் பிரித்து, பதவுரை கூறி, உலக வழக்கோடு பொருத்தி விளக்குவார். இதற்குப் ‘பயன் சொல்லுதல்’ என்று பெயர். பாடுபவர் எத்தனை இனிமையாகப் பாடினாலும் பயன் சொல்பவர் இல்லாமல் படனம் நிறைவாகாது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆண்டுதோறும் அதே புராணத்தைக் கேட்டுக் கேட்டு, இலக்கணமாகப் படிக்காமலே செய்யுள் மொழியின் பொருளை அவர்கள் உணரக் கற்றார்கள். பயன் தவறாகச் சொல்லப்பட்டால் அறிந்தவர்கள் குறுக்கிட்டு வாதிட முடிந்தது. பாட்டுக்குச் சோதிக்கத் தெரியாது என்று மேலே ஒப்புக்கொண்ட குறைக்கு இந்த ஏற்பாடே மருந்தாக இருந்தது. ஆறுமுக நாவலர் பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் உரைநடையில் எழுதியதைப் பாட்டுக் கல்வியின் முடிவாகச் சிலர் காண்கிறார்கள். வண்ணார்பண்ணைக் கோயிலில் பிரசங்கம் செய்தவர் அவர். பயன் சொல்பவரின் பேச்சே அச்சேறி வசனமாயிற்று என்று கொள்வதே பொருத்தம். உரைநடை பாட்டின் இடத்தைப் பிடிக்க வந்ததாகத் தெரியவில்லை; பாட்டின் பக்கத்து இருக்கை எப்போதும் அதற்கு உரியதாகவே இருந்தது.

பயன் சொல்பவர் இல்லாத பாட்டு என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், போர்த்துக்கேய ஆட்சி இலங்கையில் 1658இல் முடிந்த பின்னும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைத் தக்கவைத்திருந்தார்கள். அந்த மொழி பள்ளியில் கற்பிக்கப்படவில்லை. அரச அலுவலிலும் இடம்பெறவில்லை. வீட்டுப் பேச்சிலும், திருமண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்தோடு வரும் பாட்டிலும் அது உயிரோடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கில் பணியாற்றிய ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய சுவடிகளில் கிரியோல் பாட்டுகளும் உள்ளன. அண்மையில் போர்த்துக்கல் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ குழுவினர் அதே மக்களிடம் பாட்டையும் பேச்சையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்தார்கள். தமிழுக்கு மாறிவிட்ட குடும்பங்களில் பேச்சு தேய்ந்த அளவுக்குப் பாட்டு தேயவில்லை. இது பாட்டின் வெற்றி. அதே நேரம் அதன் எல்லையும்கூட. பொருள் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் இல்லாத வீட்டில் பாட்டு மெட்டாக நிற்கும், மொழியாக நிற்காது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டை இதற்கு எதிராக நிறுத்தலாம். அங்கே யாரும் பொருள் விளக்குவதில்லை. ஆனாலும் புதிதாக வலை பிடிப்பவன் எப்போது இழுக்க வேண்டும், எப்போது மூச்சு வாங்க வேண்டும் என்பதைப் பாட்டிலேயே கற்கிறான். அங்கே வலையே பயன் சொல்கிறது. கயிற்றின் இழுவை பாட்டை உடனுக்குடன் விளக்குகிறது, தவறினால் திருத்துகிறது.

பாட்டு பழையதை மட்டுமே சுமக்கும், புதியதைக் கற்பிக்காது என்று இன்னும் ஒரு மறுப்பு எஞ்சுகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ கோப்பர்நிக்கஸ் வழி வந்த வானியலையும் உலகப் பூகோளத்தையும் பாட்டாக்கியது. அதே ஊரில் சரபோஜி மன்னர் மராத்தியில் எழுதிய ‘தேவேந்திர குறவஞ்சி’யில் குறத்தி உலக நாடுகளை வரிசையாகப் பாடினாள். தமிழ் முஸ்லிம்களின் பழம்பெரும் நூல்களில் ஒன்றான ‘ஆயிர மசலா’ 1572இலேயே மார்க்க அறிவை வினாவிடையாகச் செய்யுளில் தந்தது. திருகோணமலையின் பங்கும் சிறிதன்று. தமிழின் தொடக்க கால வரலாற்று நாவலான ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊரவர். அவர் 1892இல் ‘தத்தைவிடு தூது’ எழுதினார். தூது என்பது தலைவி ஏங்கித் தூதுவிடும் பழைய சிற்றிலக்கிய வடிவம். அந்த வடிவத்துக்குள் பெண்களின் உரிமையை அவர் வாதமாக வைத்தார். புராண படனத்தில் பயன் சொல்லும் இருக்கை எல்லாச் சாதியினருக்கும் எட்டவில்லை, பெண்களுக்கு அநேகமாக எட்டவே இல்லை என்ற குறையை மறைக்க முடியாது. அந்தக் குறையைச் சுட்ட ஒருவருக்குப் பாட்டு வடிவமே கைகொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டும் பயனும் சேர்ந்த மரபு நவீன பாடசாலைக்குள் எப்படி நுழைந்திருக்கலாம் என்பதற்கு விபுலாநந்த அடிகள் (1892–1947) வழிகாட்டுகிறார். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் வந்தபோது அதன் முகாமையாளராகவும் சில காலம் அதிபராகவும் இருந்தவர் அவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகளை எடுத்து, அவற்றில் அடங்கிய சுரத்தானங்களையும் நரம்புகளின் நீளத்தையும் கணித முறையால் அவர் விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் ஓதிய அடிகள்தான் அவை. ஓசை காத்துவைத்த அறிவை எண்ணால் சோதித்துப் பயன் சொன்னவர் அவர். தேவாரப் பண்களுக்கும் அதே முறையில் இடம் தந்தார். பாட்டு வகுப்பும் கணித வகுப்பும் ஒரே மேசையில் அமர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நடந்தது வேறு. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளும் அரச பாடத்திட்டமும் சங்கீதத்துக்கு மதிப்பையும் ஆசிரிய நியமனத்தையும் பெற்றுத் தந்தன, அது நன்மை. ஆனால் சங்கீதம் தனிப் பாடமாயிற்று, தமிழ்ச் செய்யுள் தமிழ்ப் பாடமாயிற்று, வரலாறு வேறொரு பாடமாயிற்று. இசையாசிரியர் பதிகத்தின் பண்ணைக் கற்பிக்கிறார், அது எந்த மலையைப் பாடுகிறது என்பது அவர் பாடத்தில் இல்லை. தமிழாசிரியர் செய்யுளைப் பாடாமல் வாசிக்கிறார். வரலாற்றாசிரியரிடம் 1622 என்ற ஆண்டு இருக்கிறது, பாட்டு இல்லை. கீழ்வகுப்புகளில் பாட்டு விளையாட்டாக வந்து, மேல்வகுப்பு தொடங்கும்போது விடைபெறுகிறது. பழைய முறை இதற்கு நேர்மாறு: சிறுவயதில் பாட்டு நினைவில் ஏறும், வயது ஏற ஏறப் பொருள் விரியும். அந்த முறையை அப்படியே மீட்க முடியாது, மீட்கவும் கூடாது. அதன் சாதிக் கதவுகளும் ஆராயாமல் நம்பும் பழக்கமும் நமக்கு வேண்டாதவை. வேண்டியது அதன் உழைப்புப் பங்கீடுதான். கோணேசர் கல்வெட்டைப் பாடவும், அதன் கலியாண்டை 1223ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு வைத்துக் கேள்வி கேட்கவும் ஒரே வகுப்பில் நேரம் ஒதுக்கினால், பாட்டு மனப்பாடமாகத் தேங்காமல் விசாரணையின் தொடக்கமாகும். பாட்டால் கற்பிக்கலாமா என்பது திருகோணமலையில் என்றோ தீர்ந்த கேள்வி. அந்தப் பாட்டுக்கு யார் பயன் சொல்வது என்பதற்கே இன்றைய பாடசாலை விடை சொல்ல வேண்டியிருக்கிறது.