படுத்தபடி வென்ற சைக்கிள்

1984 ஜனவரி 19. மெக்சிகோ நகரத்தின் பந்தயத் தடத்தில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 50.808 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். நான்கே நாள் கழித்து அதையும் முறியடித்து 51.151 கிலோமீட்டரைத் தொட்டார். அதிகாரபூர்வ 'ஒரு மணி நேரச் சாதனை' 50 கிலோமீட்டரைத் தாண்டியது அப்போதுதான். மாமன்னர் என்று போற்றப்பட்ட எடி மெர்க்ஸ் கூட 1972-ல் 49.431 கிலோமீட்டரோடு நின்றுவிட்டிருந்தார்.

ஆனால் மோசருக்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, 1939 மார்ச் 5 அன்று, பாரிஸின் வின்சென் தடத்தில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் ஒரு மணி நேரத்தில் 50.537 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, மோட்டார் பொருத்தவில்லை. காற்றைக் கிழிக்கும் உறை மாட்டிய வண்டியில் படுத்துக்கொண்டு ஓட்டினார். அதுதான் குற்றம்!

இந்தக் கதையின் நாயகன் சார்லஸ் மோஷே. பாரிஸை ஒட்டிய புத்தோவில் பட்டறை வைத்துச் சிறிய, எடை குறைந்த கார்களைச் செய்துவந்தவர். தன் மகன் ஜார்ஜுக்கு நான்கு சக்கரங்களில் ஓடும் பெடல் கார் ஒன்றைச் செய்து கொடுத்தார். மகன் அதை ஓட்டிய வேகத்தைப் பார்த்த பெரியவர்கள் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து மிதிக்கும் 'வெலோகார்' பிறந்தது அப்படித்தான். கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின.

வெலோகார் சாதாரண சைக்கிளை முந்திச் செல்வதை மோஷே கவனித்தார். நேர்சாலையில் பறந்த வண்டி, வளைவில் மட்டும் கவிழப் பார்த்தது. நான்கு சக்கர வண்டியை நெடுக்கு வாக்கில் பாதியாக்கினால் என்ன என்று யோசித்தார். 1932 வாக்கில் இரு சக்கர வெலோகார் தயார். சின்னச் சக்கரங்கள், நீளமான சட்டம், பெடல் முன்னால், சீட் தாழ்வாக. ஓட்டுபவர் ஈசிசேரில் சாய்ந்தவர் போலக் கால்களை நீட்டி மிதித்தார்.

இதில் வேகம் எங்கிருந்து வந்தது? சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிள்காரரின் பெரிய எதிரி காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து மிதிக்கத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் கால்களின் பலத்தை அப்படிப் பெருக்க முடியாது. காற்றில் மோதும் உடலின் பரப்பைக் குறைக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தவரின் மார்பும் வயிறும் தொடையும் காற்றை நேராக வாங்குகின்றன. சாய்ந்து கால்களை முன்னே நீட்டியவருக்கு முன்பக்கப் பரப்பு வெகுவாகக் குறைகிறது. முதுகுக்குச் சாய்மானம் இருப்பதால் அதில் ஊன்றிக்கொண்டு பெடலை அழுத்தவும் முடிகிறது.

மோஷே முன்யோசனைக்காரர். பந்தயத்தில் இறங்கும் முன்பே, உலகச் சைக்கிள் விளையாட்டை ஆளும் யுசிஐ அமைப்பிடம் தன் வண்டி விதிகளுக்கு உட்பட்டதா என்று கேட்டார். காற்றைக் கிழிக்கும் தனி உறை எதுவும் மாட்டாததால் ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்து ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். பிரான்சிஸ் ஃபோர் சம்மதித்தார். டூர் டி பிரான்ஸ் வீரர் பெனுவா ஃபோரின் சகோதரர் இவர். ஆனால் முதல் வரிசை நட்சத்திரம் இல்லை. அவர் படுத்த நிலையில் தடத்துக்கு வந்ததும் சக வீரர்கள் கேலி செய்ததாகச் சொல்வார்கள். பந்தயம் தொடங்கியதும் கேலி அடங்கியது. அவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை. அவ்வளவு தாழ்வான வண்டி!

1933 ஜூலை 7 அன்று பாரிஸில் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914-ல் நிகழ்த்திய 44.247 கிலோமீட்டர் சாதனை சுமார் 19 ஆண்டுகள் யாராலும் தொட முடியாமல் இருந்தது. இரண்டாம் வரிசை வீரர் ஒருவர் அதை 800 மீட்டருக்கும் மேல் தாண்டிவிட்டார்.

யுசிஐக்குத் தலைவலி ஆரம்பமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று மொரிஸ் ரிஷார் சாதாரண சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எக்கைவிட அதிகம், ஃபோரைவிடக் குறைவு. சாதனையாளர் இவரா, அவரா? நவம்பரில் குழப்பம் இன்னும் கூடியது. எக்குக்கு முன்பு இதே சாதனையை வைத்திருந்த, அப்போது 46 வயதான மார்செல் பெர்த்தே, சைக்கிளைச் சுற்றி மீன் வடிவ உறை மாட்டிக்கொண்டு 49.992 கிலோமீட்டர் ஓட்டினார். 50-க்கு இன்னும் எட்டே மீட்டர்.

1934 பிப்ரவரியில் யுசிஐ கூடியது. வெலோகார் சைக்கிள்தானா என்று காரசாரமாக விவாதித்தார்கள். சாதாரண மனிதனும் வேகமாகப் போக முடிகிறது, எதிர்காலம் இதுதான் என்றது ஒரு தரப்பு. வீரனின் பலத்தை அளக்க வேண்டிய பந்தயத்தில் வண்டியின் சாமர்த்தியம் ஜெயித்துவிடும் என்றது மறு தரப்பு. இரண்டாம் தரப்பே வென்றது. பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். பெடல் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம், அதற்கும் சீட் முனைக்கும் எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் அளவு குறித்தார்கள். அந்த அளவுகளுக்குள் படுக்கை சைக்கிள் எதுவும் அடங்காது. 1934 ஏப்ரல் 1 முதல் விதி அமலானது. அதே ஆண்டில் மோஷே காலமானார்.

மகன் ஜார்ஜ் விடவில்லை. வெலோகாருக்கு உறை மாட்டி, அதே ஃபோரை வைத்து, 1939-ல் 50 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். சில மாதங்களில் உலகப் போர் வெடித்தது. பந்தயம் இல்லாத வண்டியைப் பெரிய நிறுவனங்கள் தயாரிக்கவில்லை. கடையில் இல்லாததை மக்கள் வாங்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வடிவம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

அதற்கு மறுவாழ்வு கிடைத்தது அமெரிக்காவில். கலிபோர்னியாவில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த செஸ்டர் கைல், நண்பர் ஜாக் லாம்பியுடன் சேர்ந்து 1975 ஏப்ரலில் எந்த வடிவத்துக்கும் தடையில்லாத பந்தயம் ஒன்றை நடத்தினார். மறு ஆண்டே அதற்கெனச் சர்வதேச அமைப்பும் உருவானது. மணிக்கு 65 மைல் வேகத்தை முதலில் எட்டும் தனி நபருக்கு டூபான்ட் நிறுவனம் பரிசு அறிவித்தது. 1986 மே மாதம், கார்ட்னர் மார்ட்டின் வடிவமைத்த 'கோல்ட் ரஷ்' என்ற படுக்கை சைக்கிளில் ஃபிரெட் மார்க்கம் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டி அந்தப் பரிசை வென்றார்.

இன்று இந்த வண்டிகளின் களம் நெவாடா பாலைவனத்தில் உள்ள பேட்டில் மவுன்டன். 2000 முதல் அங்கே நேர்க்கோடு போன்ற நெடுஞ்சாலையில் வேகப் பந்தயம் நடக்கிறது. எட்டு கிலோமீட்டர் போல மிதித்து வேகம் ஏற்றிக்கொண்டு, கடைசி 200 மீட்டரில் அளக்கிறார்கள். ஓட்டுபவரை உறைக்குள் வைத்து மூடிவிடுவதால் காலை ஊன்ற வழியில்லை. கிளப்பிவிடவும் நிறுத்திப் பிடிக்கவும் ஆட்கள் வேண்டும். கனடாவின் ஏரோவெலோ குழு செய்த 'ஈட்டா'வில் கண்ணாடி ஜன்னல் கூடக் கிடையாது. கேமரா காட்டும் திரையைப் பார்த்தே ஓட்ட வேண்டும். 2016-ல் டாட் ரைகெர்ட் அதில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மனிதக் கால்களைத் தவிர வேறு சக்தி எதுவும் அதில் இல்லை.

படுக்கை சைக்கிளுக்குக் குறைகளும் உண்டு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. நெரிசலான சாலையில் லாரிக்காரர் கண்ணுக்குத் தட்டுப்படாது. மெதுவாகப் போகும்போது சமநிலை பழகுவது கடினம். தடை இல்லாதிருந்தால் இன்று எல்லோரும் படுத்தபடிதான் ஓட்டியிருப்போம் என்று சொல்வது மிகை. ஆனால் எது சிறந்தது என்பதை மக்களும் சாலையும் முடிவு செய்ய அவகாசம் கிடைத்திருக்கும். அந்த அவகாசத்தை 1934-ன் ஒரே கூட்டம் பறித்துவிட்டது. தடத்தில் யாரும் வெல்ல முடியாத வண்டியை விதிப் புத்தகம் வென்றது.