இதணம் முதல் லாஃப்ட் கட்டில் வரை



பிள்ளைகளின் அறையில் இடம் போதவில்லை என்று மேலே கட்டில், கீழே படிப்பு மேசை என அமைக்கிறார்கள். உயரத்தில் இடம் தேடுவது நமக்குப் புதிதல்ல. சங்க காலத்தில் தினைப்புனம் காக்க இதணம் என்னும் பரண் கட்டினார்கள். பெண்கள் அதில் இருந்து கிளி ஓட்டினார்கள். நம் வீட்டுப் பரணில் பழைய பாத்திரங்களை ஏற்றினோம். ரயிலில் மூன்றடுக்குப் படுக்கை வந்ததும் நாமே மேலே ஏறிப் படுத்தோம்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ரயில் விசிறி கம்பிக் கூண்டுக்குள் சுழல்கிறது. வீட்டு விசிறிக்குக் கூண்டு கிடையாது. எனவே விசிறிக்கு அடியிலோ அருகிலோ அந்தக் கட்டில் வேண்டாம். சுற்றிலும் தடுப்பு அவசியம். ஆறு வயது நிரம்பாத பிள்ளை கீழேயே படுக்கட்டும்.